ஹைகிரவுண்டுக்கு ஒரு சீட்டு: பிள்ளைக்குப் பயிற்சி கேட்டு டாக்டர் எழுதும் கடிதம்

எங்கள் பக்கத்தில் ‘ஹைகிரவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்று யாராவது சொன்னால், கேட்பவர் முகம் வாடிவிடும். பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிற மேட்டுப்பகுதிக்குத்தான் அந்தப் பெயர். 1965இல் கல்லூரி தொடங்கிய காலம் முதல், உள்ளூர் டாக்டர் கைவிரித்த பிறகு போகிற இடம் என்றே அது மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. பாம்புக்கடி, விபத்து, தீக்காயம் எல்லாம் அங்கேதான் போகும்.

அதனால்தான் ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாயிடம் அதே சீட்டை நீட்டினால் அவள் அழுதுவிடுகிறாள். என் அக்காளும் அழுதாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டாள். இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியது.

அக்காள் அம்பாசமுத்திரம் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். அவள் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். பிறந்ததும் அழவில்லை; சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பத்து மாதமாகியும் உட்காரவில்லை. தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வழக்கமாகக் காட்டுகிற டாக்டர் டானிக் எழுதினார். ‘ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் வருவான். இவன் தாத்தாவும் மூன்று வயதில்தான் நடந்தார் என்று நீங்களே சொன்னீர்களே’ என்றார். தாத்தா கதையை அவரிடம் சொன்னது எங்கள் அம்மாதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு காய்ச்சலுக்காக வேறொரு டாக்டரம்மாவிடம் போனபோது, அவர் காய்ச்சலை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு எழுதியதுதான் அந்தச் சீட்டு.

முதலில், எதற்காக எழுதுகிறார்கள் என்று பார்ப்போம். பிள்ளைகள் வளர்வதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. நான்கு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் நடக்க வேண்டும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். குறைமாதப் பிள்ளையாக இருந்தால், இரண்டு வயது வரை அந்தக் குறைந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளையின் பத்தாம் மாதம், கணக்கில் எட்டாம் மாதம்தான். இந்த எல்லைகளைத் தாண்டிவிட்டால் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். இன்னொன்று: பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டாலோ, வந்த திறமை போய்விட்டாலோ எந்த வயதாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டியது அது.

காத்திருப்பதில் என்ன கேடு? பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான் மூளை தன் இணைப்புகளை வேகமாகப் போட்டுக்கொள்கிறது. ஒரு பக்கம் பழுதாகியிருந்தாலும் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும் வல்லமை அந்த வயதில் அதிகம். காதுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுவதும் காது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது. ஆனால் வீட்டில் ‘இவன் சித்தப்பா மாதிரி, கூச்ச சுபாவம்’ என்று பேர் வைத்துவிடுவார்கள். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்கோ, நீட்டி மடக்கிப் பழக்காத மூட்டு வருடக்கணக்கில் அப்படியே இறுகி, பிறகு அறுவைச் சிகிச்சையில் போய் நிற்கும். டானிக்கில் தீருகிற காரியம் எதுவும் இதில் இல்லை.

இனி, சீட்டு எங்கே போகிறது? 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தேசிய குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்பது அதன் நீளமான பெயர், அலுவலகங்களில் ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு வகைகளில் பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைச் சோதிப்பது அதன் வேலை. ஜீப்பில் ஒரு மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஒரு முறையும் வரும். சந்தேகம் வந்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கமான டி.இ.ஐ.சி. என்று சொன்னால் மருத்துவமனையில் எல்லோருக்கும் புரியும். குழந்தை மருத்துவர், இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சையாளர், காது சோதித்துப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் யோசனை. கட்டணம் கிடையாது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளையை அந்த ஜீப் பார்க்காது. வீட்டிலேயே வைத்திருக்கும் பிள்ளையையும் பார்க்காது. குழு வந்த அன்று காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளையும் தப்பிவிடும். அந்தப் பிள்ளைகளை எல்லாம் யாராவது பார்க்கிறார்கள் என்றால் அது ஊரில் சளிக்கும் காய்ச்சலுக்கும் காட்டுகிற டாக்டர்தான். அவர் பேனாவை எடுக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு வேறு எந்த வழியும் இல்லை.

சில நாடுகளில் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவரைப் பார்க்கவே முடியாது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. சீட்டு இல்லாமலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறநோயாளிப் பிரிவில் போய் நிற்கலாம். திருப்பி அனுப்ப மாட்டார்கள். பிறகு சீட்டு எதற்கு? குழந்தைகள் பிரிவு, எலும்புப் பிரிவு, காது மூக்கு தொண்டை என்று வரிசை வரிசையாக அலையாமல் சரியான அறைக்குப் போவதற்கு. அதைவிட முக்கியமாக, பிள்ளையின் கதையைப் பதற்றத்தில் இருக்கிற தாய் சொல்லி முடிப்பதற்குள் டோக்கன் எண் அடுத்தவருக்குப் போய்விடாமல் இருப்பதற்கு.

ஆகவே சீட்டில் கதை இருக்க வேண்டும். ‘வளர்ச்சித் தாமதம். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திய சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அது பஸ்ஸில் ஊர்ப் பலகை மாட்டியதோடு சரி. எங்கள் டாக்டரம்மா எழுதியதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘வயது 18 மாதம், 32 வாரத்தில் பிறந்ததால் திருத்திய வயது 16 மாதம். பிறந்தவுடன் அழவில்லை. கழுத்து ஏழு மாதத்தில் நின்றது. உட்காரவில்லை. இரண்டு கால்களிலும் இறுக்கம், வலது பக்கம் கூடுதல். வலிப்பு வந்ததில்லை. கூப்பிட்டால் திரும்புகிறான், காது இதுவரை சோதிக்கப்படவில்லை. தடுப்பூசிகள் போட்டாயிற்று. மூளை முடக்குவாதமா என்று பார்த்து, இயன்முறைப் பயிற்சி தொடங்கும்படி கேட்கிறேன். காது, கண் இரண்டையும் சோதிக்கவும். பதில் எழுதி அனுப்பவும்.’ அரைப்பக்கம்கூட இல்லை. ஆனால் அங்கே இருந்த குழந்தை மருத்துவர் அதைப் படித்துவிட்டு அக்காளிடம் கேட்டது இரண்டே கேள்விகள்தான்.

‘மூளை முடக்குவாதம்’ என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். கருவிலோ, பிறப்பின் போதோ, பிறந்த முதல் சில ஆண்டுகளிலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட சேதத்தால் உடலசைவு பாதிக்கப்படுவது அது. அறிவு பாதிக்கப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தமிழில் இந்தத் துறைச் சொற்கள் பலவும் அரசாணையில் பிறந்தவை என்பதால் சில சமயம் நோயைவிடச் சொல் பயமுறுத்துகிறது. ஆட்டிசத்துக்குப் படிவங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று போட்டிருப்பார்கள். மின்விசிறியின் ஓசையில் வருகிற சின்ன மாற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

சீட்டோடு போனால் ஊசி போடுவார்கள், மாத்திரை தருவார்கள் என்று அக்காள் நினைத்திருந்தாள். அந்த அறையில் இருந்ததோ பாய், பெரிய பந்து, மணி, கண்ணாடி. பயிற்சியாளர் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால், ‘வீட்டில் எப்படிச் சோறு ஊட்டுவீர்கள், காட்டுங்கள்’ என்றார். அக்காள் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காட்டினாள். நம் வீடுகளில் அப்படித்தானே ஊட்டுகிறோம்? ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளி கட்டும். அடிக்கடி வந்த அந்தக் காய்ச்சலுக்கும் அது காரணமாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

‘உங்கள் வீட்டில் இரண்டு சுவர் சேருகிற மூலை காலியாக இருக்கிறதா?’ என்று கேட்டார் பயிற்சியாளர். அந்த மூலையில் பிள்ளையைச் சாய்த்து உட்காரவைத்து, கோரைப்பாயைச் சுருட்டி இரு தொடைகளுக்கும் நடுவே கொடுத்து, கால்கள் ஒட்டாமல் பிரித்து நீட்டிவிடச் சொன்னார். தலை நேராக, தாடை சற்றே கீழே. அந்த நிலையில்தான் ஊட்ட வேண்டும், விளையாட்டுக் காட்ட வேண்டும். ஒரு நாளில் எத்தனை வேளை உண்கிறானோ அத்தனை வேளை பயிற்சி. பத்து ரூபாய் செலவில்லை.

இந்தச் சிகிச்சையில் நான் புரிந்துகொண்டது இதுதான்: பயிற்சி கொடுக்கப்படுவது பாதிதான் பிள்ளைக்கு, மீதி தாய்க்கு. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் அங்கே நடப்பதை வீட்டில் மற்ற ஆறு நாளும் செய்தால்தான் பலன். பேச்சுப் பயிற்சியும் இப்படித்தான். பிள்ளை கை நீட்டும் முன்பே பாலைக் கொடுத்துவிடாமல், ‘பால்’ என்று சொல்லிக் கொஞ்சம் காத்திருக்கப் பழகுவதில் அது தொடங்குகிறது. ஆக்குபேஷனல் தெரபி என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டுத் தையல், கூடை பின்னுதல் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையின் தொழில் உண்பது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது. அவற்றுக்குக் கையைப் பழக்குவது அது. ஏழு வயதுப் பெண் ஒருத்திக்குப் பென்சில் பிடிப்பு வர, பாட்டியோடு பல்லாங்குழி ஆடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு விரலால் புளியமுத்தைப் பொறுக்கிக் குழியில் போடுவதைவிட நல்ல பயிற்சி எந்தக் கடையில் கிடைக்கும்? சின்னப் பிள்ளை என்றால் மட்டும் முத்தை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாரம் ஒரு நாள் என்று எளிதாக எழுதிவிட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ திருநெல்வேலி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஹைகிரவுண்ட் போய்த் திரும்பினால் ஒரு பகல் போய்விடும். பீடி சுற்றுகிறவளுக்கு ஒரு பகல் என்பது ஒரு நாள் கூலி. மகளிருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் உண்டு. தொலைவிலிருந்து வரும் புறநகர்ப் பேருந்துக்கு மகளிருக்கான அந்தச் சலுகை பொருந்தாது. பயிற்சியைப் பாதியில் விடுகிற குடும்பங்களைப் பற்றி ‘அக்கறை இல்லை’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

அதனால் சீட்டு எழுதும்போதே அருகில் என்ன கிடைக்கும் என்றும் டாக்டரிடம் கேட்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளரும் அங்கே வருவார்கள்; பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கான திட்டம் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் அதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைத் தேர்வின் போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அரசு நிறுவனம் இல்லை என்றாலும் சிறு பிள்ளைகளுக்கு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுப்பதில் பழுத்த அனுபவம் உடையது. பாளையங்கோட்டைக்கும் இதில் பழைய பெருமை உண்டு. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனரிப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே பள்ளி தொடங்கிவிட்டார்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் நிறுத்தி விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் பல குடும்பங்கள் மாதக்கணக்கை இழக்கின்றன. பயிற்சி வேறு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேறு. ‘குறைபாடு நாற்பது சதவீதம் என்று வந்தால்தான் எல்லாம் கிடைக்கும், முதலில் சான்றிதழ் வாங்குங்கள்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள்; மருத்துவக் குழு கூடும் நாளுக்காகப் பிள்ளை காத்திருக்கும். பயிற்சி தொடங்கச் சான்றிதழ் தேவையில்லை. சந்தேகம் போதும். சான்றிதழ் உதவித்தொகைக்கும் சலுகைக்கும் உரியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை முதலானவை வரும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவுசார் குறைபாடு உடையோருக்கும் மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அது பயிற்சிச் செலவுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. இவற்றுக்காகக் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகப் பக்கம் அலைய வேண்டியிருக்கும். கடையம், ஆலங்குளம்காரர்கள் 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு தென்காசிக்குப் போக வேண்டும். அலையத்தான் வேண்டும். ஆனால் பயிற்சி ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது அலையலாம்.

டாக்டர்கள் ஏன் எழுதத் தயங்குகிறார்கள் என்பதையும் சொன்னால்தான் நியாயம். மாலை நேரத்தில் வாசல் வரை கூட்டம். பிள்ளையைத் தரையில் விட்டுப் பத்து நிமிடம் கவனிக்க நேரம் இல்லை. ‘உங்கள் பிள்ளைக்குக் குறை இருக்கலாம்’ என்று சொன்னால் அந்தக் குடும்பம் கோபித்துக்கொண்டு அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடும். போகிறார்களே! எனவே கேட்கிற விதத்தில் கொஞ்சம் உதவலாம். ‘இவன் ஏன் இப்படி இருக்கிறான்?’ என்று கேட்டால் ‘சரியாகிவிடும்’ என்ற பதில்தான் வரும். ‘கணக்குப்படி பதினாறு மாதம் ஆகிறது, இன்னும் உட்காரவில்லை. டி.இ.ஐ.சி.யில் காட்டச் சீட்டு எழுதித் தருவீர்களா?’ என்று கேட்டால் அவர் யோசித்தாக வேண்டும். பிள்ளை என்ன செய்கிறான், என்ன செய்யவில்லை என்பதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக் காட்டுவது இன்னும் நல்லது. டாக்டர் அறைக்குள் எந்தப் பிள்ளையும் அழுகையைத் தவிர வேறெதையும் செய்து காட்டாது.

சீட்டு எழுதியதோடு குடும்ப மருத்துவரின் வேலை முடிவதில்லை. சளி, வலிப்பு, மலச்சிக்கல், எடை கூடாமை எல்லாம் அவரிடம்தான் வரும். மையத்திலிருந்து வரும் பதிலை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிள்ளை வளர்ந்ததும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறவும் இன்னொரு சீட்டு எழுத வேண்டியிருக்கும். பழைய கதை முழுவதும் தெரிந்தவர் அப்போது அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தப் பழைய கதையை வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். அக்காள் கொண்டுபோன சீட்டை மருத்துவமனைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வள மையத்து ஆசிரியை கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. பிள்ளை எந்த மாதத்தில் கழுத்து நின்றான் என்பதை அக்காள் மறுபடியும் விரல்விட்டு எண்ணினாள். இப்போதெல்லாம் சீட்டு கைக்கு வந்ததும் எதிர்க் கடைக்குப் போய் இரண்டு நகல் எடுத்துவிடுகிறாள். ஒன்று ரேஷன் அட்டை இருக்கிற பிளாஸ்டிக் உறையில், இன்னொன்று பீடித் தட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து மாட்டிய பையில்.